வேர்டில் எண் பட்டியல் குழம்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பிராது அடித்து முடித்தாயிற்று. வழக்கறிஞர் வந்து, நடுவில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறார். சேர்த்ததும் எட்டாவது பத்திக்குப் பிறகு மறுபடியும் 1, 2, 3 என்று ஓடுகிறது. அவசரத்தில் எண்களை எடுத்துவிட்டுக் கையால் அடிக்கிறோம். அடுத்த திருத்தத்தில் அதுவும் தவறாகிவிடுகிறது.

பிராது, எதிருரை, ஆய்வேடு, அலுவலக அட்டவணை என்று பல ஆண்டுகள் அடித்துக் கொடுத்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். கோளாறு எந்தக் கோலத்தில் கண்ணில் படுகிறதோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஹோம் பட்டையில் இருக்கும் ¶ பொத்தானை அழுத்துங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ¶ தெரியும். வேர்டில் எண் என்பது நாம் அடித்த எழுத்து அல்ல. பத்திக்கு உரிய ஒரு குணம் அது; பத்தியின் மற்றக் குணங்களைப் போலவே அந்த ¶ குறிக்குள் குடியிருக்கிறது. அதனால்தான் எண்ணுக்குள் கர்சரை வைக்க முடிவதில்லை. இரண்டாவது, ஏதாவது ஓர் எண்ணின் மேல் ஒருமுறை சொடுக்குங்கள். அதே பட்டியலில், அதே நிலையில் இருக்கும் எண்கள் எல்லாம் சாம்பல் நிறமாகும். சாம்பல் எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கேதான் பட்டியல் அறுந்திருக்கிறது. பாதிப் பிரச்சினை இந்த இரண்டிலேயே புலப்பட்டுவிடும்.

நடுவில் மறுபடியும் 1-லிருந்து தொடங்குகிறது

பார்வைக்கு ஒரே பட்டியல்தான். வேர்டின் கணக்கில் இரண்டு. இடையில் எண்ணில்லாத ஒரு பத்தி அடித்துவிட்டு எண் பொத்தானை மறுபடி அழுத்தியபோதோ, வேறு கோப்பிலிருந்து நான்கு பத்திகளை எடுத்து ஒட்டியபோதோ இரண்டாவது பட்டியல் பிறந்திருக்கும்.

தவறான எண்ணின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, கன்டினியூ நம்பரிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சில சமயம் அது நாம் நினைக்காத வேறொரு பட்டியலோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஃபார்மட் பெயின்டர்தான் கைகொடுக்கும். சரியாக இருக்கும் ஒரு பத்தியை ¶ குறியோடு சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். தூரிகைப் பொத்தானை அழுத்துங்கள். கெட்டுப்போன பத்திகளின் மேல் இழுங்கள். அவை அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும்.

நேர்மாறான தொல்லையும் உண்டு. புதுப் பட்டியல் 1-லிருந்து வர வேண்டிய இடத்தில் 14 என்று வரும். அதே வலது பொத்தான் மெனுவில் ரீஸ்டார்ட் அட் 1 இருக்கிறது. 5-லிருந்தோ 20-லிருந்தோ தொடங்க வேண்டுமென்றால் செட் நம்பரிங் வேல்யூ.

வேறு கோப்பிலிருந்து எடுக்கும்போது கீப் டெக்ஸ்ட் ஒன்லி என்று ஒட்டுங்கள். அந்தக் கோப்பின் பட்டியல் உங்கள் கோப்புக்குள் நுழையாது. எண்ணை நீங்கள் புதிதாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஒரே எண்ணுக்குள் இரண்டு பத்தி வேண்டும்

முதல் பத்தி முடிந்ததும் என்டர் தட்டினால் அடுத்த எண் வந்து நிற்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் எண் வராமல் அடுத்த வரி கிடைக்கும். ஆனால் இருபுறமும் சமமாக ஒழுங்குபடுத்திய ஆவணத்தில், முந்தைய வரியில் மூன்று சொல்தான் இருந்தாலும் அவை பக்கத்தின் இரு ஓரத்துக்கும் இழுபட்டு அசிங்கமாக நிற்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் அடிவரை இறங்கினால் லேஅவுட் ஆப்ஷன்ஸ் இருக்கும். ஷிஃப்ட் ரிட்டர்னில் முடியும் வரியை விரிக்க வேண்டாம் என்று சொல்லும் தேர்வுக்கு அங்கே ஒரு டிக் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. என்டர் தட்டுங்கள்; எண் வரும். உடனே ஒரே ஒரு முறை பேக்ஸ்பேஸ். எண் போய்விடும், உள்தள்ளல் அப்படியே நிற்கும். அது தனிப் பத்தி ஆகையால் வரி இழுபடாது. அதற்கு அடுத்த பத்திக்கு எண் கொடுக்கும்போது கன்டினியூ நம்பரிங் தேவைப்படலாம்.

திருத்தம் போட்டதும் உள்ளே குறிப்பிட்ட பத்தி எண்கள் பொய்யாகின்றன

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றக் கோளாறுகள் கண்ணுக்கு உறுத்தும். இது உறுத்தாது, ஆளையே மாட்டிவிடும்.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், அதாவது சி.பி.சி.யில், கட்டளை 6 விதி 2, வழக்குரைகளைத் தேவையானபோது பத்திகளாகப் பிரித்து வரிசையாக எண்ணிடச் சொல்கிறது. விதி 15 இன்னும் ஒரு படி போகிறது. உறுதி கூறுபவர் எந்தெந்தப் பத்திகளைத் தன் சொந்த அறிவால் உண்மை என்கிறார், எவற்றைப் பிறர் சொல்லி நம்புகிறார் என்பதைப் பத்தி எண்ணைச் சுட்டியே குறிப்பிட வேண்டும். அதனால்தான் கடைசியில், ‘மேலே 1 முதல் 7 வரையுள்ள பத்திகளில் கண்ட சங்கதிகள் யாவும் நான் அறிந்தவரை உண்மை’ என்ற மாதிரி ஒரு வரி வருகிறது. மூன்றாவது பத்திக்குப் பின் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பட்டியல் தானாகத் திருந்திக்கொள்ளும். கையால் அடித்த அந்த 7 மட்டும் 7-ஆகவே நிற்கும். ஒருவர் கையெழுத்திட்டு உறுதி கூறும் வரி, அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடும்.

அந்த எண்ணைக் கையால் அடிக்காதீர்கள். கர்சரை அந்த இடத்தில் வையுங்கள். ரெஃபரன்சஸ் பட்டையில் கிராஸ்-ரெஃபரன்ஸ். வகை என்ற இடத்தில் நம்பர்டு ஐட்டம், அதற்கு எதிரில் பாராகிராஃப் நம்பர். கீழே எல்லா எண் பத்திகளும் வரிசையாகத் தெரியும். வேண்டியதைத் தேர்ந்து இன்சர்ட் தட்டுங்கள். பட்டியலில் எண்ணுக்குப் பின் இருக்கும் புள்ளி இங்கே ஒட்டாது. அதனால் ‘7-ஆம் பத்தியில்’ என்று தமிழ் விகுதியைத் தொடர்ந்து அடிக்கத் தடை இல்லை.

இந்த எண் உடனுக்குடன் மாறாது. திருத்தம் எல்லாம் முடிந்தபின் கண்ட்ரோல் ஏ தட்டி முழுவதையும் தேர்ந்து, எஃப்9 அழுத்துங்கள். அப்போதுதான் புதுப்பிக்கும். கண்ட்ரோல், ஷிஃப்டோடு சேர்த்து எஃப்9 அழுத்திவிடாதீர்கள். அது இணைப்பை அறுத்து எண்ணை வெறும் எழுத்தாக்கிவிடும். குறிப்பிட்ட பத்தியையே யாராவது நீக்கியிருந்தால், எண்ணுக்குப் பதில் ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று தடித்த எழுத்தில் வரும். அது நமக்கு நல்லதுதான். தப்பான எண் சத்தமில்லாமல் தாளில் ஏறுவதைவிட, இப்படிக் கூச்சல் போடுவது மேல். அச்சுக்குப் போகுமுன் இந்த வரி எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

எண் மட்டும் தடிப்பாக, அல்லது சிவப்பாக, அல்லது சிறிதாக இருக்கிறது

எண்ணின் எழுத்துரு, அளவு, நிறம் மூன்றும் ¶ குறியின் எழுத்துரு, அளவு, நிறத்தையே பின்பற்றும். பத்தியின் கடைசிச் சொல்லைத் தடிப்பாக்கும்போது ¶ குறியும் சேர்ந்து தேர்வாகியிருந்தால் எண்ணும் தடித்துவிடும். அந்த ¶ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தடிப்பை நீக்குங்கள். எண் ஒழுங்காகிவிடும். வேண்டுமென்றே எண்ணை மட்டும் தடிப்பாக்கவும் இதே வழிதான்.

தமிழில் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. வேர்ட் தமிழைச் சிக்கலான வரிவடிவம் என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. கண்ட்ரோலோடு ஆங்கில D தட்டினால் திறக்கும் எழுத்துருப் பெட்டியில் மேலே லத்தீன் டெக்ஸ்ட் என்று ஒரு பகுதி, கீழே காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இன்னொரு பகுதி. லதா, நிர்மலா போன்ற உங்கள் தமிழ் எழுத்துருக்கள் கீழ்ப்பகுதியில். 1, 2, 3 என்ற எண்கள் மேல்பகுதியில். மேலே 11, கீழே 13 என்று இருந்தால் எண் பொடியாகத்தான் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே அளவைக் கொடுங்கள்.

ஏ, பி, சி இருக்க வேண்டிய இடத்தில் ய, டி, உ

பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு வரும் கோளாறு இது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். ஏ இருக்கும் இடத்தில் ய, பி-யில் டி, சி-யில் உ, டி-யில் ன. பட்டியலுக்கு ஆங்கில எழுத்து வரிசை கொடுத்தால் வேர்ட் ஒழுங்காக ஏ, பி, சி என்றுதான் போடுகிறது. ¶ குறி பாமினியில் இருப்பதால் அவை ய, டி, உ ஆகத் தெரிகின்றன. சிறிய ரோமன் எண் கொடுத்திருந்தால் இன்னும் வேடிக்கை: முதல் எண்ணுக்கு ஒற்றை ஐகாரக் கொம்பு, இரண்டாவதற்கு இரட்டை, மூன்றாவதற்கு மூன்று.

எண் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்கி, டிஃபைன் நியூ நம்பர் ஃபார்மட் என்பதைத் திறங்கள். அங்கே ஃபான்ட் என்று ஒரு பொத்தான். டைம்ஸ் நியூ ரோமன் போன்ற ஓர் ஆங்கில எழுத்துருவைக் கொடுங்கள். இனி பத்தி எந்த எழுத்துருவில் இருந்தாலும் எண் மாறாது.

யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியாக்க முறைகளும் தமிழ்நாட்டில் அரசுத் தரமாக 2010-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை எழுத்துரு மாற்றும் செயலியில் போட்டு யூனிகோடாக்கும்போது கவனம் தேவை. நகல் எடுக்கும்போது தானியங்கி எண்களும் வெறும் எழுத்தாகக் கூடவே போகும். அவையும் பாமினி என்றெண்ணி அந்தச் செயலி அவற்றையும் ய, டி, உ என்று தமிழாக்கிவிடும். முன்பு பார்வைக்கு மட்டும் தவறு; இப்போது உண்மையிலேயே தவறு. மாற்றுமுன் எண்ணை நீக்கிவிட்டு, மாற்றியபின் புதிதாகக் கொடுப்பதே பத்திரம்.

இதோடு சேர்த்து ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வேர்டின் எண் வடிவங்களில் இந்தி எழுத்து வரிசை உண்டு. அ, ஆ, இ வரிசை கிடையாது. ௧, ௨, ௩-உம் கிடையாது. பள்ளி வினாத்தாளில் அ, ஆ, இ, ஈ இல்லாமல் முடியாது என்னும்போது இது வருத்தமான விஷயம். கையால்தான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது இடைவெளிப் பட்டையால் தள்ளாதீர்கள். கண்ட்ரோலோடு ஆங்கில T விசையை அழுத்துங்கள். இரண்டாம் வரியிலிருந்து பத்தி உள்ளே தள்ளி நிற்கும். அ என்று அடித்து, டேப் தட்டி, விடையை அடியுங்கள். எல்லா வரியும் ஒரே கோட்டில் தொடங்கும்.

9 வரை ஒழுங்கு, 10 வந்ததும் எழுத்து தள்ளிப்போகிறது

எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே வேர்ட் வழக்கமாக விடும் இடம் கால் அங்குலம். எண் அதற்குள் அடங்கினால் சரி. எழுத்தின் அளவு பெரிதாகி ‘10.’ அடங்காமல் போனாலோ, 100-ஐத் தொட்டாலோ, எழுத்து அடுத்த டேப் நிறுத்தத்துக்குத் தாவிவிடும்.

எண்ணின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ் திறங்கள். டெக்ஸ்ட் இன்டென்ட் அளவைக் கூட்டுங்கள். அளவுகோலை இழுத்து ஒவ்வொரு பத்தியாகச் சரிசெய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று நகரும். இந்தப் பெட்டியில் மாற்றினால் பட்டியல் முழுவதும் ஒன்றாக மாறும்.

வ.எண் நிரலில் எண் நடுவில் நிற்க மறுக்கிறது

அட்டவணையில் வ.எண் நிரலை யாரும் கையால் நிரப்பத் தேவையில்லை. தலைப்பு வரியை விட்டுவிட்டு அந்த நிரலைத் தேர்ந்து எண் பொத்தானை அழுத்தினால் 1 முதல் கடைசிவரை நிரம்பிவிடும். நடுவில் ஒரு வரிசையை நீக்கினாலும், பெயர் வரிசைப்படி அட்டவணையை மாற்றினாலும், எண் தானே ஒழுங்காக நிற்கும். இருநூறு பேர் பட்டியலில் இது எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நடுவில் வைக்கும்போதுதான் சிக்கல். எண் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். எண்ணுக்கு முன் உள்தள்ளலும், பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு டேப்பும் இருப்பதே காரணம். அதே அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ் பெட்டியில் இரண்டு உள்தள்ளலையும் 0 ஆக்குங்கள். ஃபாலோ நம்பர் வித் என்ற இடத்தில் நத்திங் என்று மாற்றுங்கள். இனி நடுவில் வைத்தால் நடுவில் நிற்கும்.

புள்ளிக்குப் பதில் கட்டம் தெரிகிறது

வேர்ட் வழக்கமாகப் போடும் கறுப்புப் புள்ளி, சிம்பல் என்ற தனி எழுத்துருவிலிருந்து வருகிறது. டிக் குறியும் அம்பும் பெரும்பாலும் விங்டிங்ஸிலிருந்து. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியிலோ வேறு செயலியிலோ திறந்தால் வெற்றுக் கட்டம்தான் தெரியும். டிஃபைன் நியூ புல்லட், சிம்பல் என்று போய், மேலே சாதாரண எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, குறியீட்டு எண் கேட்கும் இடத்தில் 2022 என்று அடியுங்கள். அது யூனிகோடில் புள்ளிக்கு உரிய எண். எங்கும் புள்ளியாகவே தெரியும்.

4-க்குப் பிறகு 6

¶ பொத்தானை இயக்கியபின் அந்த இடத்தைப் பாருங்கள். மறைத்து வைத்த பத்தி இருந்தால் புள்ளிக்கோட்டோடு வெளிப்படும். அது இல்லையென்றால் காரணம் ட்ராக் சேஞ்சஸ், அதாவது திருத்தங்களைப் பதிவு செய்துவைக்கும் வசதி. நீக்கிய பத்தி, திருத்தத்தை ஏற்கும்வரை கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். ரிவ்யூ பட்டையில் அக்செப்ட் கொடுங்கள்.

கேட்காமலே எண் போடுகிறது

முகவரியிலோ தேதியிலோ 1 அடித்துப் புள்ளி வைத்து இடைவெளி விட்டதும் வேர்ட் பட்டியலாக்கிவிடும். அந்த நொடியே கண்ட்ரோல் இசட் தட்டினால் பட்டியல் மட்டும் கலையும், அடித்தது நிற்கும். நிரந்தரமாக நிறுத்த: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப். தானியங்கிப் புள்ளி, தானியங்கி எண் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். என் கணினியில் முதல் நாளே எடுத்துவிடுவேன்.

ஆய்வேட்டில் தலைப்பு எண்கள் கறுப்புக் கட்டமாகிவிட்டன

2.1, 2.2 இருந்த இடத்தில் கறுப்புச் செவ்வகம். பார்த்ததும் பதறிப்போவார்கள். உள்ளே எதுவும் தொலையவில்லை. தலைப்பில், கட்டத்துக்கு அடுத்துக் கர்சரை வைத்து, இடது அம்பு விசையை அழுத்துங்கள், கட்டம் சாம்பலாகும். கண்ட்ரோல், ஷிஃப்டோடு ஆங்கில ‘எஸ்’ தட்டினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ரீஅப்ளை கொடுத்தால் எண் திரும்பிவிடும்.

திரும்ப வராமல் இருக்க, ஆய்வேட்டை ஆரம்பிக்கும்போதே மல்டிலெவல் லிஸ்ட் மெனுவில் டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட் திறந்து, மோர் தட்டி, ஒவ்வொரு நிலையையும் ஒரு தலைப்பு ஸ்டைலோடு (பெயர் கொடுத்துச் சேமித்த வடிவமைப்போடு) இணையுங்கள். முதல் நிலைக்கு ஹெடிங் 1, இரண்டாவதற்கு ஹெடிங் 2. மொத்தம் ஒன்பது நிலை உண்டு. முதல் நிலையின் எண் பெட்டியில் 1-க்கு முன்னால் ‘இயல்’ என்று அடித்து ஓர் இடைவெளி விடலாம். இயல் 1, இயல் 2 என்று தானாக வரும். இயலுக்கு ரோமன் எண் கொடுத்ததால் உட்தலைப்பிலும் ரோமன் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த நிலையில் லீகல் ஸ்டைல் நம்பரிங் என்பதற்கு டிக் போடுங்கள்.

இதே முறை பிராதுக்கும் பொருந்தும். பத்தி எண் என்று ஒரு ஸ்டைல் உருவாக்கி முதல் நிலையோடு இணைத்துவிட்டால், எண் வேண்டிய பத்திக்கு அந்த ஸ்டைல், வேண்டாததற்குச் சாதாரண ஸ்டைல். எல்லாம் ஒரே பட்டியல் என்பதால் நடுவில் எத்தனை பத்தி சேர்த்தாலும் 1-க்குத் திரும்பாது. அந்தக் கோப்பையே டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்து, அடுத்த பிராதை அதிலிருந்தே தொடங்குங்கள்.

வேர்ட் இல்லை, வேறு செயலி

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் எஃப்12 எண் பட்டியல், ஷிஃப்டோடு எஃப்12 புள்ளிப் பட்டியல். கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 7 எண்ணுக்கு, 8 புள்ளிக்கு. எண்ணின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கினால் மறுதொடக்கமும் தொடர்ச்சியும் அங்கேயும் கிடைக்கும். ஒரு செயலியில் அடித்த கோப்பை இன்னொன்றில் திறந்து அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், எண்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிடுங்கள்.